சாலைச் சந்திப்பு வடிவமைக்க சுமோ: இலவசம், தரமானது, ஆனால் அப்படியே ஓட்டக் கூடாது

சிக்னல் போதுமா, ரவுண்டானா வேண்டுமா, திரும்பும் வண்டிகளுக்குத் தனி லேன் தேவையா? இவற்றை மண்ணைத் தோண்டும் முன்பே சோதித்துப் பார்க்க உதவும் சிமுலேஷன் மென்பொருள் சுமோ. ஜெர்மன் விண்வெளி மையம் உருவாக்கியது. 2001 முதல் திறமூலமாகக் கிடைக்கிறது.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து சாலை அமைப்பை நேரடியாக இறக்கலாம். முதல் சிக்கலும் அங்கேதான். நடுத்தடுப்புள்ள இரு சாலைகள் வெட்டும் இடம் நான்கு தனிச் சந்திப்புகளாக வந்து நிற்கும். அவற்றை ஒன்றாக்காமல் ஓட்டினால் நடுவில் வண்டிகள் சிக்கிக்கொள்ளும். தானாகச் சேர்க்கும் வசதி 10 மீட்டருக்குள் இருப்பவற்றைத்தான் பார்க்கும் என்பதால், சுமோவோடு வரும் சாலை வரைபடத் திருத்தியான நெட்எடிட்டில் கையால் சேர்ப்பதே நல்லது. பிறகு எந்த லேனிலிருந்து எந்த லேனுக்குப் போகலாம் என்பதை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

சிக்னலுக்குத் தானாக வரும் 90 வினாடிச் சுழற்சி, உங்கள் வாகனக் கணக்கெடுப்பைப் பார்த்துப் போட்டதல்ல. கூடவே வரும் பைத்தான் நிரல் சுழற்சி நேரத்தைக் கணக்கிடும் வெப்ஸ்டர் சூத்திரப்படி அதைத் திருத்தித் தரும். ஒரு சுழற்சியில் வண்டிகள் நகராமல் வீணாகும் நேரம் 16 வினாடி, போக்குவரத்துச் சுமை விகிதம் (சாலை தாங்கும் அளவோடு ஒப்பிட்ட வாகன வரத்து) 0.7 என்றால் சுழற்சி சுமார் 97 வினாடி. அதே விகிதம் 0.9 ஆனால் 290 வினாடி! அந்த எண்ணைக் கண்டால் சிக்னல் நேரத்தோடு மல்லுக்கட்டாமல் லேன் அமைப்பை மாற்றுங்கள்.

மிகப் பெரிய ஆபத்து 'டெலிபோர்ட்'. 300 வினாடி நகர முடியாமல் நிற்கும் வண்டியைச் சுமோ தூக்கி, அதன் பாதையில் முன்னால் வைத்துவிடும். உண்மையில் சந்திப்பே அடைத்திருக்கும், அறிக்கையிலோ தாமதம் சுமாராகத் தெரியும். அந்த 300 என்ற மதிப்பை -1 என மாற்றி இதை அணைத்துவிடுங்கள். வரிசை நீண்டு வரைபடத்துக்குள் நுழைய முடியாத வண்டிகளின் காத்திருப்பும் தனிப் பத்தியில்தான் பதிவாகும். அதையும் கூட்டாமல் இரு வடிவமைப்புகளை ஒப்பிட்டால், மோசமானது வென்றுவிடும்.

பைக்குகள் இடைவெளியில் புகுந்து முன்னால் வருவதைக் காட்ட, பக்கவாட்டு நகர்வு மாதிரியை நாமே இயக்க வேண்டும். நடைபாதையும் குறுக்குக் கடப்பும் அப்படித்தான், கேட்டால்தான் வரும். 14 மீட்டர் அகலச் சாலையை வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்கக் கிட்டத்தட்ட 12 வினாடி ஆகும். பாதசாரி பச்சை அதற்கு இடம் தருகிறதா பாருங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, 'விபத்து பூஜ்யம்' என்ற முடிவுக்கு மதிப்பே இல்லை. மோதாமல் ஓட்டும்படிதான் இதன் ஓட்டுநர் மாதிரியே எழுதப்பட்டிருக்கிறது. மோதலுக்கு எத்தனை வினாடி மிச்சம் இருந்தது, ஒரு வண்டி விலகிய இடத்துக்கு அடுத்தது எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று அளக்கும் கருவி உள்ளேயே இருக்கிறது. முடிவெடுக்க அந்த எண்களை எடுங்கள்.

முப்பரிமாணக் காட்சிதான் வேண்டுமென்றால் கட்டண மென்பொருள்கள் மேல். இரண்டு வடிவமைப்புகளில் எது நல்லது என்று கண்டறிய சுமோ தாராளமாகப் போதும். ஒரே ஓட்டத்தை மட்டும் நம்பாதீர்கள்: சிமுலேஷனின் தற்செயல் நிகழ்வுகளைத் தீர்மானிக்கும் தொடக்க விதை எண்ணை (seed) மாற்றாவிட்டால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடைதான். குறைந்தது பத்து விதைகளில் ஓட்டிச் சராசரியோடு சிதறலையும் எழுதுங்கள்.