ரீல் ஜப்பானில், கடல் டர்பனில்: எந்த வழியில் வரவழைப்பது?

டர்பன் பக்கம் தூண்டில் போடுகிற இரண்டு பேர் சேர்ந்து நின்றால் பேச்சு மீனில் தொடங்கி, தூண்டில் நூலைச் சுற்றும் ரீலின் விலையில் போய் நிற்கும். அதே ஷிமானோ, அதே டைவா ஜப்பானில் என்ன விலை, நம் ஊர்க் கடையில் என்ன விலை பார் என்று போனை நீட்டுவார்கள். வித்தியாசம் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த விலையில் ரீல் இருப்பது ஒசாகாவில், நாம் நிற்பதோ டர்பன் புளூ லகூன் கரையில். தாத்தாமார் ஒரே பழைய பாணி ஸ்கார்பரோ ரீலை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க மீன் பிடித்தார்கள். நமக்குக் கிரைண்டர் (ஸ்பின்னிங்) ரீலிலேயே மூன்று அளவு வேண்டியிருக்கிறது. அதனால் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஞ்சலில் வந்தாலும் கூரியரில் வந்தாலும் அரசாங்கத்துக்குப் போகும் வரி ஒன்றுதான். மாறுவது, அந்த வரியை வசூலித்துத் தருபவர் கேட்கும் கூலியும், பார்சல் இப்போது எங்கே கிடக்கிறது என்று நமக்குத் தெரிகிறதா இல்லையா என்பதும். ஆனால் முக்கால்வாசிப் பேர் அனுப்பும் கூலி எது குறைவு என்று மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வரி எப்படி வருகிறது என்று பார்ப்போம். தென்னாப்பிரிக்கச் சுங்கம் பொருளின் விலையை எடுத்துக்கொள்ளும். அதோடு அதில் 10 சதவீதம் சேர்க்கும். சுங்கத் தீர்வை ஏதாவது இருந்தால் அதையும் சேர்க்கும். வந்த மொத்தத்தில் 15 சதவீதம் வாட் வரி. தீர்வை இல்லாத ஒரு பொருள் 4,500 ரேண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 450 சேர்த்தால் 4,950, அதில் 15 சதவீதம் 742 ரேண்ட் 50 சென்ட். பலரும் 4,500க்கு நேராக 15 சதவீதம் போட்டு 675 என்று நினைத்துக்கொண்டு, பில் வந்ததும் கூரியர்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறார்கள். அந்தச் சண்டையில் நியாயம் இல்லை.

இன்னொரு விஷயம், நம் நாட்டுச் சுங்கம் அனுப்பும் கூலியைப் பொருளின் மதிப்பில் சேர்ப்பதில்லை. அதனால் விற்பவர் விலைப்பட்டியலில் ரீலின் விலையைத் தனியாகவும் அனுப்பும் கூலியைத் தனியாகவும் எழுத வேண்டும். இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகப் போட்டுவிட்டால் கூலிக்கும் சேர்த்து வரி கட்டுவீர்கள். பொருளின் பெயரும் அப்படித்தான். ‘விளையாட்டுப் பொருள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் அது என்னவென்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வரும். நீங்கள் பதில் போடும்வரை பெட்டி நகராது. ‘மீன்பிடி ரீல், 9507.30’ என்று எழுதச் சொல்லுங்கள். தூண்டில் கம்புக்கு 9507.10, முள்ளுக்கு 9507.20. உலகம் முழுக்கச் சுங்கத்தில் ஒரே எண்கள்தான், ஜப்பான் கடைக்காரருக்கும் புரியும்.

வெயிலுக்குப் போடும் மீன்பிடிச் சட்டையை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். ஆடைக்குத் தீர்வை 45 சதவீதம். 1,000 ரேண்ட் சட்டைக்குத் தீர்வை 450, அப்புறம் 1,550க்கு வாட் 232 ரேண்ட் 50 சென்ட். சட்டையின் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வரியே ஆகிவிடும். ரீலோடு ஒரே பெட்டியில் ஒரு சட்டையையும் போட்டால் கூலி மிச்சம் என்று தோன்றும். போடாதீர்கள், இரண்டுக்கும் தனித்தனி எண், தனித்தனி வரி, கூடுதல் கேள்வி.

சரி, அஞ்சலுக்கும் கூரியருக்கும் வருவோம். உண்மையான போட்டி இவர்களுக்கு இடையில்தான்.

காகிதத்தில் அஞ்சல் மலிவு. ஜப்பானிலிருந்து இஎம்எஸ் என்ற விரைவு அஞ்சலில் அனுப்பினால் அந்தப் பக்கம் மின்னல் வேகத்தில் நகரும், கண்காணிப்பு எண்ணும் இருக்கும். இங்கே வந்து இறங்கியதும் அது நம் அஞ்சல் துறையின் கையில் போய்விடும். அந்தத் துறையின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். 2014இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்து வெளிநாட்டுப் பார்சல்கள் மலையாகக் குவிந்தன. 2023 பிப்ரவரியில் துறையைத் தற்காலிகக் கலைப்பின் கீழ் வைத்தது நீதிமன்றம், அதே ஆண்டு ஜூலையில் அது மீட்பு நடவடிக்கைக்குப் போனது. நூற்றுக்கணக்கான கிளைகளை மூடினார்கள். நீங்கள் பழகிய கிளையே மூடியிருந்தால், பார்சல் வந்திருக்கிறது என்ற சீட்டு எந்தக் கிளைக்குப் போனது என்று தேடுவதே தனி வேலை. அஞ்சலில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: கவுண்டரில் கேட்கும் கையாளும் கட்டணம் கூரியர் கேட்பதோடு ஒப்பிட்டால் சின்னது. ஆனால் எப்போது வரும் என்று கேட்டால் யாராலும் தேதி சொல்ல முடியாது.

கூரியர் இதற்கு நேர் எதிர். நாலைந்து வேலை நாளில் கிங் ஷாகா விமான நிலையம் தாண்டி வீட்டு வாசலுக்கே வந்துவிடும். வழியில் எங்கே நின்றாலும் திரையில் தெரியும். அதற்கு விலை வேறு வடிவத்தில் வரும். கூரியர் பில்லைக் கையில் எடுத்து ஒரு வரி விடாமல் படித்துப் பாருங்கள். முதல் வரி வாட், அது அரசாங்கத்துக்கு. அடுத்தது தீர்வை, இருந்தால் அதுவும் அரசாங்கத்துக்கு. அதற்குக் கீழே, உங்களுக்காக அவர்கள் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு ஒரு கட்டணம். இதற்குக் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று வைத்திருப்பார்கள், பொருள் 600 ரேண்டானாலும் 6,000 ரேண்டானாலும் அதற்குக் கீழே இறங்காது. கடைசியில் அந்தக் கட்டணத்துக்கும் வாட். ஆவணம் கேட்டு நீங்கள் தாமதித்திருந்தால் கிடங்கு வாடகை என்று இன்னொரு வரி முளைத்திருக்கும். எனக்கு ஒரு முறை ஒரு நிறுவனம் வெள்ளிக்கிழமை மாலை அடையாள எண் கேட்டு மின்னஞ்சல் போட்டுவிட்டு, சனி ஞாயிறுக்கும் வாடகை போட்டது. கேட்டபிறகு எடுத்தார்கள், ஆனால் கேட்க வேண்டியிருந்தது.

குறைந்தபட்சக் கட்டணம் இருப்பதால், கூரியரில் சின்னச் சின்னதாக ஐந்து முறை வாங்குவது முட்டாள்தனம். சேர்த்து வாங்க வேண்டும். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தனிநபராக, பதிவு இல்லாமல் ஓர் ஆண்டில் மூன்று தடவைதான் இறக்குமதி செய்யலாம். அதைத் தாண்டினால் வருவாய்த் துறையான சார்ஸிடம் இறக்குமதியாளராகப் பதிவு செய்துகொள்ளச் சொல்வார்கள். பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவனுக்கு இது தலைவலி. ஜப்பானில் உங்களுக்காக வாங்கி, கிடங்கில் சேர்த்து வைத்து, ஒரே பெட்டியாக அனுப்பும் இடைத்தரகுக் கடைகள் இங்கேதான் உதவுகின்றன. பையீ (Buyee), ஜென்மார்க்கெட் (ZenMarket) போன்றவை அந்த ரகம். அவர்களுக்கும் ஒரு தரகு உண்டு, ஆனால் நான்கு பில்லுக்குப் பதிலாக ஒரே பில். இதில் ஒரே ஒரு ஆபத்து: நாலு பேர் சாமான் ஒரே பெட்டியில் வந்தால், யார் எவ்வளவு வரி தர வேண்டும் என்ற பஞ்சாயத்து. பெட்டி கிளம்புமுன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் ரீலுக்கு. தூண்டில் கம்பு என்றால் கதை வேறு. நம் கரையில் அலைக்கு அப்பால் எறிய 13, 14 அடிக் கம்பு வேண்டும். 14 அடிக் கம்பை இரண்டாகக் கழற்றினாலும் ஒரு துண்டு 7 அடி, அதாவது 2 மீட்டருக்கு மேல். 1.5 மீட்டரைத் தாண்டினால் இஎம்எஸ்ஸில் எடுக்கமாட்டார்கள், ஆக அஞ்சல் அவுட். கூரியரில் எடுப்பார்கள், ஆனால் எடை போடும் விதமே வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் கிலோ, நிஜ எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் காசு. 215 சென்டிமீட்டர் நீளம், 10க்கு 10 குழாய் என்றால் 4.3 கிலோ. உள்ளே இருக்கும் கம்பு ஒரு கிலோகூட வராது. அதற்கு மேல் நீளமான பொருள் என்று தனிக் கட்டணம். நுனி முறிந்து வந்தால் அதற்கும் அலைய வேண்டும். கம்பை இங்கேயே வாங்குங்கள். இந்த நாட்டுக் கரைக்கென்றே செய்த கம்புகள் உள்ளூர்க் கடையில் கிடைக்கின்றன. கையில் பிடித்து வளைத்துப் பார்த்துத்தான் கம்பு வாங்க வேண்டும், படத்தைப் பார்த்து அல்ல.

அடுத்தது, வரியையும் சேர்த்தே விலை போடும் பெரிய இணையக் கடைகள், முக்கியமாகச் சீனத் தளங்கள். பிரெய்டு நூல், செயற்கை இரை, ஈயக் குண்டு மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு இவை வசதி. கட்டும்போதே எல்லாம் முடிந்துவிடும், வாசலில் யாரும் காசு கேட்கமாட்டார்கள். முன்பெல்லாம் 500 ரேண்டுக்குக் கீழான பார்சல்களுக்குக் கூரியர் வழியில் 20 சதவீதம் மட்டும், வாட் கிடையாது. உள்ளூர் வியாபாரிகள் கொதித்தார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் வாட்டும் சேர்ந்துவிட்டது. அந்தப் பழைய மலிவு போய்விட்டது. பெரிய பெயர் பொறித்த ரீல் அங்கே பாதி விலைக்குத் தெரிந்தால் தொடாதீர்கள். போலி என்று சுங்கம் கண்டால் பறிமுதல்தான். பறிமுதல் ஆகாவிட்டாலும் முதல் உப்புத் தண்ணீரிலேயே அது போலி என்று தெரிந்துவிடும்.

‘பரிசு’ என்று எழுதி அனுப்பச் சொல்லலாமே என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரிசுச் சலுகை இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்குக் கேட்காமலே அனுப்பும் பார்சல், மதிப்பு 1,400 ரேண்டுக்குள், ஆண்டுக்கு இரண்டு. கடை உங்களுக்குப் பரிசு அனுப்பாது, விலைப்பட்டியலோடு வரும் பெட்டியைப் பார்த்தாலே தெரியும். விலையைக் குறைத்து எழுதுவதும் அப்படித்தான். பிடிபட்டால் அபராதம். பிடிபடாமல் வழியில் தொலைந்தால், 6,000 ரேண்ட் ரீலுக்கு நீங்கள் எழுதிய 20 டாலர்தான் இழப்பீடு.

பயணப் பெட்டியில் போட்டுக் கையோடு கொண்டுவருவதுதான் எல்லா வழியிலும் லாபமானது, ஆனால் யார் கொண்டுவருகிறார் என்பதைப் பொறுத்தது. வெளிநாடு போய் 48 மணி நேரம் தாண்டித் திரும்புகிறவருக்கு 5,000 ரேண்ட் வரை வரியில்லை. 30 நாளுக்கு ஒரு முறை இந்தச் சலுகை. அதற்கு மேல் இன்னும் 20,000 ரேண்ட் வரை ஒரே வீதமாக 20 சதவீதம் கட்டிவிட்டு வரலாம். ஆக, துபாய் வழியாகச் சென்னைக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது 4,500 ரேண்ட் ரீல் ஒன்றை வாங்கி வந்தால், முன்னே கணக்குப் போட்ட 742 ரேண்ட் மிச்சம், கூரியர் கூலியும் மிச்சம். ஆனால் அந்தச் சலுகை கொண்டுவருபவரின் சொந்த உபயோகத்துக்கும் பரிசுக்கும்தான். மாமா துபாயிலிருந்து வருகிறார், அவரிடம் காசைக் கொடுத்து வாங்கிவரச் சொல்வோம் என்றால், பிறருக்காகக் கொண்டுவரும் சரக்கு அதில் சேராது. மாமாவாகப் பார்த்து வாங்கித் தந்தால் சரி. கேட்டு வாங்கினால் விமான நிலையத்தில், வரிக்குரிய சரக்கு வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடச் சொல்லுங்கள், அறுபது வயதில் அவரை அதிகாரி முன்னால் நிறுத்தி விழிக்க வைக்காதீர்கள்.

சில சாமான்கள் எந்த வழியில் வந்தாலும் மாட்டும். ஈ போன்ற இரை கட்டுகிறவர்கள் வரவழைக்கும் இறகும் மயிரும் விலங்குப் பொருள், கால்நடைத் துறையின் இறக்குமதி அனுமதி கேட்பார்கள். புளூடூத்தில் வேலை செய்யும் மீன் தேடும் கருவிக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஐகாசாவின் ஒப்புதல் வேண்டும். இரண்டையும் உள்ளூரில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

உள்ளூர்க் கடையைக் கடைசியில் சொல்வதால் அது கடைசி என்று அர்த்தமில்லை. அவர்கள் விலை ஏன் அதிகம் என்று கேட்டால், அவர்களும் அதே வாட்டைக் கட்டித்தான் கொண்டுவருகிறார்கள். கப்பலில் வரும் சரக்கு 2023 கடைசியில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசைகட்டி நின்றபோது எப்படிச் சிக்கியது என்று பார்த்தோம். ஆனால் இங்கே வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பழுதானால் பழுதுபார்க்கவோ மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ உரிமை உண்டு. ஜப்பான் ரீலுக்கு அது கிடையாது. இங்குள்ள முகவர், எங்களிடம் வாங்காததற்கு உத்தரவாதம் தரமுடியாது என்றால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. திரும்ப ஜப்பானுக்கே அனுப்பிச் சரிசெய்யலாம், ஆனால் அனுப்புமுன் சுங்கத்தில் பதிவு செய்யாவிட்டால் உங்கள் சொந்த ரீலுக்கே இரண்டாம் முறை வரி கேட்பார்கள். அலையில் முக்கி எடுக்கும் ரீலுக்கு எப்படியும் சர்வீஸ் தேவைப்படும். விலை வித்தியாசம் 20 சதவீதத்துக்குள் என்றால் நான் உள்ளூர்க் கடைக்குத்தான் போவேன். அதற்கு மேல், அதுவும் இங்கே வராத மாடல் என்றால்தான் கூரியர்.

தேதியையும் கவனியுங்கள். ஷாட் மீன் பிடிக்க அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை தடை. டிசம்பர் 1 விடியற்காலையில் கரை முழுக்கத் தலைகள். அன்றைக்குப் புது ரீலோடு நிற்க நினைத்து நவம்பரில் ஆர்டர் போடுகிறவர்கள் கறுப்பு வெள்ளித் தள்ளுபடி நெரிசலில் மாட்டுவார்கள். பார்சல் சுங்கத்தில் கிடக்கும், நீங்கள் பழைய ரீலோடு நிற்பீர்கள். கூரியர் என்றால் செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். அஞ்சல் என்றால் இந்த டிசம்பரை நினைக்கவே வேண்டாம். டிராக் வாஷர், பேரிங் மாதிரி கடிதக் கவரில் அடங்குகிற உதிரி பாகங்களுக்கு மட்டும் நான் இன்னும் அஞ்சலைத்தான் நம்புகிறேன். விலை சொற்பம், எடை ஒன்றுமில்லை, தாமதமானாலும் பழைய வாஷர் இன்னும் ஒரு பருவம் ஓடும்.