பரந்தனில் ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்யும் கடை

போன பெரும்போக அறுவடையில், மாமாவின் வெட்டு மெசினில் முன்தலையைத் தூக்குகிற ஹைட்ராலிக் ஹோஸ், அதாவது அழுத்தத்தோடு எண்ணெய் ஓடும் ரப்பர்க் குழாய், வயல் நடுவே வெடித்துவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது, நெல் பாதி வெட்டுப்படாமல் நின்றது. ஹோஸைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பரந்தன் சந்திக்குப் பக்கத்தில் இருக்கும் தகரக் கொட்டகைக் கடைக்குப் போனேன்.

நான் கனடா விமானப்படையில் ஹெர்குலிஸ் சரக்கு விமானங்களின் ஹைட்ராலிக் வேலையில் 11 வருடம் இருந்தவன். விமானச் சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்கு ஓடிய வன்னிப் பிள்ளைகளில் நானும் ஒருவன் என்பதால், இந்தத் தொழிலை ஊரில் சொல்ல நெடுநாள் தயங்கினேன். அந்த விமானத்தில் சக்கரத்தை இறக்குவதும் பிரேக் பிடிப்பதும் 3000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடும் எண்ணெய்தான். அதில் பழகிய கண்ணோடுதான் கடையைப் பார்த்தேன்.

கடைக்காரர் முதலில் பழைய ஹோஸைத் துடைத்து அதிலிருந்த எழுத்தைப் படித்தார். "தம்பி, இது 1எஸ்என். ஒரு கம்பிப் பின்னல்தான். முந்தி ஆர் மாத்தினது?" போன வருடம் வேறொரு இடத்தில் போட்டது. 3/8 அங்குலத்தில் 1எஸ்என் 180 பார் அழுத்தம் வரைக்கும்தான். இரட்டைப் பின்னலுள்ள 2எஸ்என் 330 பார் தாங்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு, மலிவானதைப் போட்டு அனுப்பினாலும் விவசாயிக்குத் தெரியாது. இவர் விலை வித்தியாசத்தைச் சொல்லி, பின்னலை வெட்டுமுகத்தில் காட்டிவிட்டுத்தான் அளவெடுத்தார்.

அப்புறம் ஃபிட்டிங், அதாவது முனையில் பூட்டும் இரும்பு இணைப்பு, எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று சோக்கட்டியால் கோடு போட்டார். அதைப் பிரஸ்ஸில் வைத்து ஹோஸோடு அமுக்கிய பிறகு, வேர்னியர் அளவுகோலால் மூன்று இடத்தில் பருமனை அளந்தார். ஒரு முனை சற்றுப் பருமனாக இருந்ததால் திரும்ப அமுக்கினார். அளக்காமல் எதையும் கையை விட்டு விடாத பழக்கத்தை எங்கள் ஊர்க் கொட்டகையில் கண்டது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறையும் உண்டு. வெட்டிய ஹோஸுக்குள் ரப்பர்த் தூளும் கம்பித் துகளும் இருக்கும். காற்று மட்டும் அடித்தார், அது போதாது. துகள் வால்வுக்குள் போனால் ஹோஸை விடப் பெரிய செலவு வரும். நான் கேட்டதும் புது எண்ணெய் ஊற்றிக் கழுவி, இரண்டு முனையிலும் பொலித்தீன் சுற்றித் தந்தார். நீங்களும் கேட்டு வாங்குங்கள். கிரவல் ரோட்டில் திறந்த முனையோடு கொண்டுபோனால் புழுதி முழுக்க உள்ளே போய்விடும்.

மற்றது பாரதூரமானது. கடையில் வேலை பழகும் பெடியன் ஒருவன், ஓடிக்கொண்டிருந்த டிரக்டரில் கசிவை விரலால் தடவித் தேடினான். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். ஊசித் துவாரத்தால் பீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் பெரிதாக வலிக்கவும் செய்யாது. உடனே சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரலாம். கசிவு தேட பெட்டி மட்டைத் துண்டுதான் பிடிக்க வேண்டும். பட்டுவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடி, அழுத்தத்தோடு எண்ணெய் ஏறியது என்று தெளிவாகச் சொல்லுங்கள். கடைக்காரர் அன்றே பெட்டி மட்டை ஒன்றைக் கிழித்து மேசையில் செருகி வைத்தார்.

ஃபிட்டிங்கோடு 6,500 ரூபா, 40 நிமிட வேலை. பின்னேரம் நாலு மணிக்கு மெசின் திரும்பவும் வயலில் இறங்கிவிட்டது. மற்ற நாலு ஹோஸையும் சிறுபோகத்துக்கு முதல் இவரிடமே மாற்றப்போகிறோம்.