குழாய்க்கு நரை விழுந்தால்: புளியா, எலுமிச்சையா, வினிகரா, சிட்ரிக் ஆசிட்டா?

போன வருஷம் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் புது வீட்டுக்குக் குடிவந்தோம். பால் காய்ச்சிய அன்று முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்த குழாய்கள் நாலே மாதத்தில் நரைத்துவிட்டன. எல்லாம் போர் தண்ணீர் செய்த வேலை. அந்தத் தண்ணீரில் புழங்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, பருப்பு லேசில் வேகாது, எவர்சில்வர் குடத்தின் கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழும்.

உப்புக்கறை என்கிறோமே தவிர, அது சமையல் உப்பு இல்லை. உப்பாக இருந்தால் தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடியிருக்கும். அது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். தண்ணீர் சொட்டி, காய்ந்து, மறுபடி சொட்டி, படலம் படலமாக ஏறிக் கல்லாகிவிடுகிறது. எவ்வளவு தேய்த்தாலும் அசையாது. புளிப்பு பட்டால்தான் இளகும். அப்படி வீட்டுக்குள் கிடைக்கிற நாலு புளிப்பையும் ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

பாத்ரூம் கழுவ விற்கிற ஆசிட்டை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கறை ஒரு நிமிஷத்தில் போகும், உண்மைதான். கூடவே குழாயின் குரோம் பூச்சும் டைல்ஸ் இடுக்குச் சிமென்ட்டும் போகும். எவர்சில்வர் சிங்க்கில் பட்டால் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். நெடி வேறு நெஞ்சை அடைக்கும்.

முதலில் புளி. அதுவும் அத்தை சொல்லித்தான். "ஏத்தா, வீட்டுல புளி கெடக்கும்போது கடைக்கு எதுக்கு ஓடுற?" என்றார். ரசத்துக்குக் கரைத்த சக்கையைச் சேர்த்து வைத்து, கொல்லைப்புறப் பித்தளைக் குழாயிலும் அடுப்படிக் குழாயிலும் அப்பினேன். பித்தளைக் குழாய் தங்கமாக மின்னியது. அத்தை முகத்திலும் அதே மினுக்கம். ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால், குழாய் வாயைச் சுற்றியிருந்த வெள்ளைத் தடிப்பு அப்படியே இருந்தது. அடுப்படிக் குழாயிலும் பெரிதாக மாற்றம் இல்லை.

புளியைக் குறை சொல்ல முடியாது. பித்தளை, செம்பு கறுப்பது மெல்லிய களிம்பு, அதைக் கரைப்பதில் புளியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சுண்ணாம்பு விஷயம் வேறு. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அது சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாக்குகிற பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, பாதியிலேயே வேலை மந்தமாகிவிடும். வெள்ளிக்கிழமை விளக்குக்குப் புளி இருக்கட்டும். உப்புக்கறைக்கு வேண்டாம்.

எலுமிச்சை நன்றாகவே வேலை செய்யும். பிழிந்த மூடியை வைத்து அஞ்சு நிமிஷம் தேய்த்தால் மெல்லிய கறை போய்விடும். தடித்த கறைக்கு எத்தனை பழம் பிழிவது? சித்திரை வெயிலில் பழம் விற்கிற விலைக்கு, அதைக் குழாய்க்குப் பிழிய மனசு வருவதில்லை. பிழிந்த மூடியை நான் குக்கருக்கு வைத்துக்கொள்கிறேன். அலுமினிய குக்கரில் இட்லியோ சாதமோ வைக்கும்போது அடித்தண்ணீரில் ஒரு மூடி போட்டால் உள்பக்கம் கறுக்காது. புளித்துண்டு போட்டாலும் சரி.

அடுத்தது வினிகர். ஃப்ரைடு ரைஸ் செய்ய வாங்கிய பாட்டில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. பழைய துணியை அதில் நனைத்து, சிங்க் குழாயைச் சுற்றிக் கட்டி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் துணியை அவிழ்த்தால் குழாய் புத்தம் புதுசு. இரண்டு நிமிஷம் எனக்கே என் மேல் பெருமை. அப்புறம்தான் கீழே பார்த்தேன். துணியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிய வினிகர் சிங்க் ஓரத்துக் கடப்பாக்கல்லில் தேங்கியிருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு போய்ச் சாம்பல் நிறம், விரலால் தடவினால் சொரசொரப்பு. துடைத்தேன், கழுவினேன், சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. போகவும் போகாது. கல்லின் மேல்தோலே கரைந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் என் யோசனை மாறியது. கடப்பாக்கல்லைக் கருங்கல் ஜாதி என்று நினைத்திருந்தேன். அது சுண்ணாம்புக்கல். குழாயில் ஏறிய கறையும் கால்சியம் கார்பனேட், கீழே பதித்த கல்லும் கால்சியம் கார்பனேட். இது கறை, இது மேடை என்று புளிப்புக்குத் தெரியாது. மார்பிளும் அப்படித்தான். மார்பிள் சில்லு போட்ட பழைய மொசைக் தரையும் அப்படித்தான். ஆகையால் கறையை எது நன்றாக எடுக்கும் என்று பார்த்தால் மட்டும் போதாது, எதை வைத்த இடத்தில் நிறுத்த முடியும், எது சீக்கிரம் வேலையை முடிக்கும் என்றும் பார்க்க வேண்டும். வினிகர் கடைச்சரக்கு 4, 5 சதவீதம்தான். தடித்த கறைக்கு மணிக்கணக்கில் ஊற வேண்டும். மணிக்கணக்கில் ஊறினால் சொட்டத்தான் செய்யும். ராத்திரி முழுக்க யார் காவல் இருப்பது?

அதனால் இப்போது எங்கள் வீட்டில் சிட்ரிக் ஆசிட் தூள்தான். கீழமாசி வீதி மளிகைக் கடையில் கேட்டேன். "எலுமிச்சை உப்புதானே?" என்று எடுத்துக் கொடுத்தார். ஆசிட் என்ற பெயரைக் கேட்டு அத்தை மிரண்டார். எலுமிச்சையில் இருக்கிற அதே புளிப்புதான், ஜாம், ஸ்குவாஷில் போடுவது என்று சொன்ன பிறகு சமாதானமானார்.

கணக்கைப் பாருங்கள். 50 கிராம் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு வந்துவிடும். அதே ஒரு லிட்டரைப் பழம் பிழிந்து எடுக்க வேண்டுமென்றால் 30 பழத்துக்கு மேல் வேண்டும். அதைவிடப் பெரிய சௌகரியம், புளிப்பை நாமே கூட்டலாம், குறைக்கலாம். நான் குழாய்க்கு இரண்டு மடங்கு புளிப்பாகக் கரைக்கிறேன், அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன். துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிட்டுச் சுற்றுவேன். மேலே ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் ரப்பர் பேண்ட். கீழே கல்லின் மேல் ஒரு பழைய எவர்சில்வர் தட்டு, கட்டாயம். அரை மணி நேரம் போதும், பக்கத்திலேயே நின்று காய் நறுக்கிக்கொண்டிருக்கலாம். அவிழ்த்ததும் பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு தேய், நல்ல தண்ணீரில் ஒரு கழுவு, காய்ந்த துணியால் ஒரு துடை. கழுவாமல் காயவிட்டால் மாவு பூசினாற்போல இன்னொரு வெள்ளைப் படலம் வந்து நிற்கும். முதல் தடவை எனக்கு வந்தது, மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

ஷவர் தலையைக் கழற்றி ஒரு மக்கில் இந்தக் கரைசலை ஊற்றி முக்கிப் போட்டால், அடைத்த ஓட்டையெல்லாம் திறந்துவிடும். எலக்ட்ரிக் கெட்டிலுக்கும் இதுதான். அரை லிட்டர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் போட்டு அரை மணி நேரம் விட்டு, இரண்டு தடவை அலசினால் போதும். வினிகர் ஊற்றியபோது மூன்று நாள் டீயில் ஊறுகாய் வாடை அடித்தது, இதில் வாடையே கிடையாது.

குறை இல்லாமலும் இல்லை. பார்க்கச் சர்க்கரை மாதிரியே இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு நாள் இது காப்பிக்குள் போய்விட்டது. ஆபத்தொன்றும் இல்லை, பால் திரிந்ததுதான் மிச்சம். அதிலிருந்து டப்பாவில் பெயர் எழுதி, சிங்க்குக்கு அடியில் வைத்திருக்கிறேன். கையில் கீறல் இருந்தால் எரியும். கடப்பாக்கல்லில் பட்டால் இதுவும் அரிக்கும், வினிகரைவிட வேகமாகவே அரிக்கும். அதனால்தான் தட்டு.

வினிகரையும் பேக்கிங் சோடாவையும் சேர்த்து ஊற்றச் சொல்கிறார்களே, அந்த வித்தையையும் செய்து பார்த்தேன். பொங்குவது கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஒன்றையொன்று முறித்துக்கொள்கிற பொங்கல், கறைக்கென்று புளிப்பு மிஞ்சாது. ஒரே ஒரு விஷயத்தில் விளையாட வேண்டாம். தொட்டி கழுவ வைத்திருக்கிற பிளீச்சிங் பவுடரோடு எந்தப் புளிப்பையும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கறுப்பு மேட் குழாய், தங்க நிறக் குழாய் இதிலெல்லாம் நான் கை வைத்ததில்லை. அந்தப் பூச்சு தாங்குமா என்று பின்பக்கம் ஒரு ஓரத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கீசருக்குள் இருக்கிற கறைக்கு மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டேன். உங்கள் மேடை என்ன கல் என்று சந்தேகமா? கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். குமிழி விட்டால், அல்லது துடைத்த இடம் மங்கினால், சுண்ணாம்புக்கல்தான்.

என் கடப்பாக்கல் தழும்பு மட்டும் இன்னும் இருக்கிறது. தேங்காய் எண்ணெயை ஒரு துளி விட்டுத் தடவினால் கறுத்துவிடும், பார்த்தால் தெரியாது. இரண்டு நாள் பாத்திரம் கழுவும் சோப்பு பட்டதும் மறுபடி வெளுத்துவிடும். விருந்தாளி வருகிற அன்று காலையில் மட்டும் தடவிக்கொள்கிறேன்.