ஆலையை அழைப்பவர் யார், காசோலையில் கையெழுத்திடுபவர் யார்? அமெரிக்க மாநிலங்களின் பொருளாதார மேம்பாட்டுத் தலைவர் பதவி: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் முதலீடு தேடித் தரும் ஒருவர் உண்டு. வட கரோலினாவில் அவர் வணிகத் துறைச் செயலாளர். விஸ்கான்சினில் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் தலைமை நிர்வாகி. ஓஹையோவில் ‘ஜாப்ஸ்ஓஹையோ’ என்ற தனியார் அமைப்பின் தலைவர். இவர்களை அமர்த்துவதில் ஆளுநரின் கை நேரடியாகவோ சுற்றிவளைத்தோ இருக்கும். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம்மூர் ஆளுநர் மாளிகையை மறந்துவிட்டு முதலமைச்சரை நினைத்துக்கொள்ளுங்கள்.)

வேலை எங்கும் ஒன்றுதான். பெருநிறுவனத்தின் சார்பில் ஓர் இடத்தேர்வு ஆலோசகர், நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், ‘ப்ராஜெக்ட் இன்னது’ என்ற புனைபெயரில் கேள்விப் பட்டியல் அனுப்புவார். சமன் செய்த நிலம் எத்தனை ஏக்கர்? மின்சாரம் எத்தனை மெகாவாட், எந்த மாதத்துக்குள்? நாளொன்றுக்கு எத்தனை கேலன் தண்ணீர்? ரயில் தடம் எவ்வளவு தொலைவில்? பதில் சில நாட்களில் போக வேண்டும். தயார் நிலம் இல்லாத மாநிலம் இந்தக் கட்டத்திலேயே கழன்றுவிடும். சலுகை பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

சலுகையில்தான் சிக்கல். நிறுவனம் எங்கே போவது என்ற முடிவைச் சலுகை உண்மையிலேயே மாற்றுவது 2 முதல் 25 சதவீதம் வரையான சந்தர்ப்பங்களில் மட்டுமே என்று பொருளியலாளர் டிமதி பார்டிக் மதிப்பிட்டிருக்கிறார். அந்த மேல் எல்லையையே எடுத்துக்கொண்டாலும், நான்கில் மூன்று பேர் சலுகை இல்லாமலும் வந்திருப்பார்கள். ஆனால் ஆளைப் பிடித்துவரும் பொறுப்பில் இருப்பவருக்கு எந்த மூன்று பேர் என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவசரமும் இராது, ஏனென்றால் அவரது மதிப்பெண் அறிவிப்பு விழாவில் விழுகிறது. அதனால் இந்தப் பதவிகளை ஒப்பிடும்போது ஆளின் திறமையை விட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அழைக்கிற கையும் கையெழுத்திடுகிற கையும் ஒன்றா?

வட கரோலினா: அமைச்சரவை நாற்காலி

இங்கே வணிகச் செயலாளரை ஆளுநர் நியமிக்கிறார். 2016 இறுதியில் வந்த சட்டத்தின்படி மாநில செனட்டின் (மேலவையின்) ஒப்புதலும் வேண்டும். முதலீட்டாளரைத் தேடிப்போகும் வேலையை 2014 முதல் ஒரு லாபநோக்கற்ற கூட்டமைப்பு ஒப்பந்த அடிப்படையில் செய்கிறது. பேரம் பேசுவது ஒரு பக்கம், பணத்துக்குத் தலையாட்டுவது இன்னொரு பக்கம். முக்கிய மானியத்தை வழங்குவது ஐந்து பேர் குழு: வணிகச் செயலாளர், வருவாய்த் துறைச் செயலாளர், பட்ஜெட் இயக்குநர், சட்டமன்றத்தின் இரு அவைத் தலைமைகளும் நியமிக்கும் தலா ஒருவர். செயலாளருக்கு ஐந்தில் ஒரு ஓட்டுதான்.

2002-இல் சட்டமான இந்த மானியத்தின் இயக்கம் எளிது. நிறுவனம் புதிதாக எடுக்கும் ஊழியர்களின் சம்பளத்தில் பிடிக்கப்படும் மாநில வருமான வரியில் ஒரு பங்கு, ஆண்டுதோறும் கணக்குப் பார்த்த பின் நிறுவனத்துக்குத் திரும்புகிறது. ஊழியர் இல்லையென்றால் பிடித்தமும் இல்லை, மானியமும் இல்லை. வளமான மாவட்டத்தில் ஆலை வைத்தால் மானியத்தில் ஒரு பகுதி பின்தங்கிய மாவட்டங்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கான கணக்குக்குப் போய்விடும். 2021-இல் ஆப்பிள் 100 கோடி டாலர் முதலீட்டில் குறைந்தது 3,000 வேலைகள் என்று அறிவித்து, 2024-இல் அவகாசம் கேட்டபோது மாநிலம் பதறாமல் இருந்ததற்குக் காரணம் இந்த அமைப்புதான்.

ஓட்டை இல்லாமல் இல்லை. மானியம் பின்னால் போனாலும் சாலையும் தண்ணீர்க் குழாயும் முன்னால் போடப்பட வேண்டும். வின்ஃபாஸ்ட் கார் ஆலைக்காக 2022-இல் சட்டமன்றம் நிலம் சீரமைக்கவும் சாலைக்கும் 45 கோடி டாலர் ஒதுக்கியது. 2024-இல் தொடங்க வேண்டிய உற்பத்தி 2028-க்குத் தள்ளிப்போனது. இந்தச் செலவை ஐந்து பேர் குழுவால் திரும்பப் பெற முடியாது.

ஓஹையோ: சாராயக் காசில் ஓடும் தனியார் அமைப்பு

2011-இல் ஆளுநர் ஜான் கேசிக் காலத்தில் பிறந்தது ஜாப்ஸ்ஓஹையோ. இதன் நிதி மூலம் விசித்திரமானது. மாநிலத்தின் மதுபான மொத்த விற்பனை உரிமையை 2013-இல் சுமார் 140 கோடி டாலர் கொடுத்து 25 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்துக்கொண்டது. பாட்டில் விற்கிற லாபத்தில் ஆலைகளுக்கு மானியமும் கடனும் தருகிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் பட்ஜெட்டுக்காகச் சட்டமன்ற வாசலில் நிற்க வேண்டியதில்லை. தலைவர் ‘ஆகட்டும்’ என்றால் அந்தப் பணம் கையில் இருக்கிறது என்று ஆலோசகர்களுக்குத் தெரியும். வேகத்தில் இதற்கு நிகரான அமைப்பு சொற்பம்.

விலை என்ன? பொது ஆவணச் சட்டம் இதைப் பெரும்பாலும் தொடாது. 2013-இல் வந்த சட்டம் மாநிலத் தணிக்கையாளர் இதன் தனியார் நிதியைத் தணிக்கை செய்வதையும் தடுத்தது. எதிர்த்துப் போட்ட வழக்கை, வழக்குத் தொடுக்க மனுதாரர்களுக்குத் தகுதி இல்லை என்று 2014-இல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆகவே அமைப்பு அரசியல் சட்டத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வி அங்கே தீராமலே நின்றது.

ஓஹையோவைத் தாங்குவது வேறொரு தூண். வரிச்சலுகை ஜாப்ஸ்ஓஹையோவின் கையில் இல்லை. அது வரிச்சலுகை ஆணையத்தின் பொதுக் கூட்டத்தில் ஓட்டுக்கு வர வேண்டும். மாநிலத்தின் மேம்பாட்டுத் துறைக்குத் தனி இயக்குநரும் இருக்கிறார். இன்டெல்லின் 2,000 கோடி டாலர் சிப் ஆலை 2022-இல் அறிவிக்கப்பட்டது. 2025-இல் அதன் தொடக்கம் இந்தப் பத்தாண்டின் முடிவுக்குத் தள்ளிப்போனது. வேகமாகப் பிடித்ததெல்லாம் வேகமாக வந்து சேர்வதில்லை.

விஸ்கான்சின்: இரண்டும் ஒரே கையில்

2011-இல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் வணிகத் துறையைக் கலைத்து அரை அரசுக் கழகமாக்கினார். தொடக்கத்தில் கழக வாரியத்தின் தலைவரும் அவரே. ஆள் பிடிப்பது, ஒப்பந்தம் எழுதுவது, வேலைகளை எண்ணுவது எல்லாம் ஒரே கூரைக்குள். மாநிலத் தணிக்கைப் பிரிவு வரிசையாகக் குறை சொன்ன பின்னும், 2017-இல் ஃபாக்ஸ்கான் ஒப்பந்தம் வந்தது: 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை, பதிலுக்கு 285 கோடி டாலர் வரை வரிச்சலுகை. சம்பளச் செலவில் 17 சதவீதம், மூலதனச் செலவில் 15 சதவீதம். அங்கே உற்பத்தி நிறுவனங்களுக்கு வருமான வரியே ஏறக்குறைய கிடையாது. ஆக ‘வரிச்சலுகை’ என்ற பெயரில் எழுதப்பட்டது ரொக்கக் காசோலை.

ஆண்டுக்குக் குறைந்தபட்சம் இத்தனை ஊழியர் என்ற விதி மாநிலத்தைக் காப்பாற்றியது. முதல் ஆண்டுகளின் இலக்கு எட்டப்படாததால் காசோலை போகவில்லை. 2021-இல் ஒப்பந்தம் 67 கோடி டாலர் முதலீடு, 1,454 வேலை, 8 கோடி டாலர் சலுகை என்று சுருங்கியது. நிலம் வாங்கி, குழாய் போட்டு, கடன் சுமந்தது மவுண்ட் ப்ளெசன்ட் என்ற ஊர். இன்னொரு கூத்து: 2018 தேர்தலில் வாக்கர் தோற்றதும், புதிய ஆளுநர் 2019 செப்டம்பர் வரை கழகத்தின் தலைமை நிர்வாகியை நியமிக்க முடியாதபடி சட்டமன்றம் அவசரமாகச் சட்டம் போட்டது. நாற்காலியின் பலம் எவ்வளவு என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

மற்றவை

டெக்சாஸ் 2003-இல் தொடங்கிய சலுகை நிதியிலிருந்து பணம் போக ஆளுநர், துணை ஆளுநர், அவைத் தலைவர் மூவரும் ஒப்ப வேண்டும். நல்ல விதிதான், ஆனால் மூவரும் ஒரே கட்சி என்றால் பூட்டு மூன்று, சாவி ஒன்று. 2014 தணிக்கை, முறையான விண்ணப்பமே இல்லாமல் 22 கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டதைக் கண்டுபிடித்தது. ஃபுளோரிடா தன் பொது-தனியார் கூட்டமைப்பை 2023-இல் மூடி அரசுத் துறையில் கரைத்துவிட்டது.

என் ஓட்டு வர்ஜீனியாவுக்கு. அது அடிபட்டுத் திருந்திய மாநிலம். 2014-இல் ஆப்போமாட்டாக்ஸில் ஆலை வைப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு 14 லட்சம் டாலரை முன்கூட்டியே கொடுத்தார்கள். ஆலை வரவேயில்லை. 2016-இல் சட்டமன்றத்தின் ஆய்வுக் குழு மாநிலத்தின் மேம்பாட்டு அமைப்பைக் கிழித்தெடுத்தது. அதன் பிறகு, சலுகையைச் சரிபார்க்கும் பிரிவு விற்பனைப் பிரிவிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. பெரிய பேரங்கள் சட்டமன்ற உறுப்பினர்கள் அமரும் ஆணையத்தின் முன் போக வேண்டும். 2018-இல் அமேசானுக்கு முதல் 25,000 வேலைகளுக்கு வேலைக்கு 22,000 டாலர் என்று எழுதினார்கள், வேலை வந்த பிறகு தருவதாக.

புதிய தலைவர் நியமிக்கப்படும்போது அவர் முன்பு எந்த நிறுவனத்தில் இருந்தார் என்பதை விட்டுவிட்டு ஒப்பந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலைகளை எண்ணத் தொடங்கும் அடிப்படை எண்ணிக்கை எந்தத் தேதியில்? ஒப்பந்தத் தொழிலாளர் சேர்த்தியா? சம்பள இலக்கு சராசரியா, இடைநிலையா (வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளமா)? சராசரி என்றால் நான்கு இயக்குநர்களின் சம்பளமே அதைத் தூக்கிவிடும். எண்ணிக்கைக்குச் சான்று நிறுவனத்தின் கடிதமா, வரித்துறையில் தாக்கலான பிடித்தக் கணக்கா? இலக்கு தவறினால் பணத்தைத் திரும்பக் கேட்கும் கடிதத்தில் யார் கையெழுத்திடுவார்? அந்த இடத்தில் ஆலையை அழைத்து வந்தவரின் பெயரே இருந்தால், கடிதம் மேசையிலேயே கிடக்கும்.