மீற்றரில் 68,000, கதவுச் சட்டத்தில் 143,000

திருகோணமலை நகரில் பழைய வாகனங்களை விற்றுக் கொடுக்கும் ஒரு தரகர் ஊடாக, 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஹொண்டா வெசல் ஹைபிரிட் ஒன்றைக் கடந்த ஆண்டு வாங்கினோம். மீற்றர் 68,000 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டியிருந்தது. "கொழும்பில ஒரு டொக்டர் வச்சிருந்தது, வீட்டிலயிருந்து ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் ஓடினது, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ அண்ணை" என்றார் அவர். அந்த வாகனம் உண்மையில் ஓடியிருந்த தூரம் அதன் இரு மடங்குக்கும் மேல் என்பதும், அதன் கிளச் தேய்ந்து முடியும் தறுவாயில் இருந்தது என்பதும் பணம் கைமாறிய பின்னரே எங்களுக்குத் தெரியவந்தன. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அவரது பெயரையோ இடத்தையோ இங்கே குறிப்பிடவில்லை.

வெசல் என்றாலே கியர்ப் பெட்டித் தொல்லை என்று பேசுவோர் பலர். 2013 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இவ்வாகனத்தின் ஹைபிரிட் வகையில் ஏழு கியர் கொண்ட, இரு கிளச்சுகளால் தானாகக் கியர் மாற்றும் இரட்டைக் கிளச் பொறிமுறை உள்ளது என்பதும், அதனைக் கட்டுப்படுத்தும் மென்பொருளின் குறைகளுக்காக 2014இல் ஜப்பானிலேயே வாகனங்கள் மீள அழைக்கப்பட்டன என்பதும் உண்மையே. ஆயினும் உப்புவெளியில் ஆசிரியராக இருக்கும் உறவினர் ஒருவர் இதே வகை வாகனத்தை இறக்குமதியான நாளிலிருந்து வைத்திருக்கிறார். ஒயிலும் டயரும் தவிரப் பெரிதாக எதையும் அவர் மாற்றியதில்லை. கிண்ணியாவில் கடை நடத்தும் நண்பருக்கு வந்த சிக்கல், ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விக்கும் விசிறியில் மணலும் தூசியும் அடைத்துக்கொண்டது மட்டுமே. கழற்றித் துடைத்ததும் சரியாகிவிட்டது. ஆகவே இந்தப் பதிவு வெசலைப் பற்றிய குறை அன்று, அதன் வரலாற்றை மறைத்து விற்றவரைப் பற்றியது.

மறைத்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டிப் பார்க்கக் கேட்டபோது காலை வேளையில், வெயில் ஏறும் முன்பே, நிலாவெளி வீதிக்கு அழைத்துச் சென்றார். நேரான, மேடில்லாத அந்த வீதியில் எந்தத் தேய்ந்த கிளச்சும் சத்தம் காட்டாது. இந்த வகை வாகனம் பற்றரியில் போதிய மின்னேற்றம் இருந்தால் மோட்டாரின் பலத்தால் மென்மையாகப் புறப்பட்டுவிடும். மின்னேற்றம் குறைந்திருக்கையில், எஞ்சினின் பலத்தில், மேட்டில் ஊர்ந்து ஊர்ந்து போக நேரும்போதுதான் ஒயிலில் தோயாத இந்த உலர் கிளச் நழுவிச் சூடேறும். அத்தகைய இடம் திருகோணமலையில் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலை நோக்கி வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. பாதி மேட்டில் வாகனம் குலுங்கத் தொடங்கியது. அக்சிலரேற்றரை மிதித்தால் எஞ்சின் இரைந்ததே தவிர வாகனம் முன்னே போகவில்லை. மீற்றர்ப் பலகையில் ஜப்பானிய எழுத்தில் ஒரு செய்தி மின்னியது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்க, அம்மாவை இறக்கி நடக்கவிட்டு, வாகனத்தை ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம். தரகரைத் தொலைபேசியில் அழைத்தபோது, "அது சும்மா வாற மெசேஜ், ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ, போயிடும்" என்றார். கிளச் ஆறியதும் போகத்தான் செய்தது. மறுபடி சூடேறியதும் வந்தது.

கராஜில் அடிப்பாகத்தைச் சோதித்துக்கொண்டிருந்த பையன்தான் சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தின் கீழ் மூலையைக் காட்டினான். ஒயில் மாற்றும்போது ஒட்டுகின்ற சிறிய ஸ்டிக்கர் ஒன்றை யாரோ சுரண்டியிருந்தார்கள். மேற்பாதி போய்விட்டது, கீழ்ப்பாதியில் நீலப் பேனையால் எழுதிய '143,000' என்ற அடுத்த சேவைக்கான எண் மட்டும் தெளிவாக எஞ்சியிருந்தது. இருக்கையையும் ஸ்டியரிங் உறையையும் புதிதாக மாற்றியவர்கள் பிரேக் பெடலின் ரப்பரை மறந்துவிட்டார்கள். அது வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. கிளச் தொகுதியை மாற்றக் கூலியுடன் நான்கு இலட்சம் ரூபாவுக்கு மேல் முடிந்தது.

தரகர் காட்டிய ஜப்பானிய ஒக்சன் ஷீட், அதாவது அங்கே ஏலத்தில் விற்கும்போது வாகனத்தின் நிலையைக் குறித்துத் தரும் தாள், போலியானதன்று. ஆனால் அது வாகனம் இங்கே வந்தபோது ஓடியிருந்த தூரத்தையே சொல்லும். அதன் பின்னர் பத்தாண்டு இலங்கை வீதிகளில் ஓடியதைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. அதைக் காட்டி இன்றைய மீற்றரை நம்பவைப்பது இப்போது பரவலாக நடக்கிறது. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்படும் வரை பழைய வாகனங்களின் விலை பெரிதும் ஏறியதில், மீற்றரைக் குறைப்பவருக்குக் கிடைக்கும் இலாபமும் ஏறிவிட்டது.

நியாயம் கேட்கப் போனபோது, தான் வெறும் தரகர் என்றும் விற்றவர் வேறொருவர் என்றும் அவர் கைவிரித்தார். வாகனப் புத்தகத்தில் இருந்த பெயருக்கு உரியவரோ பல ஆண்டுகளுக்கு முன்பே விற்றுவிட்டதாகச் சொன்னார். இடையில் எத்தனை கைகள் மாறின என்பதற்கு எழுத்து எதுவுமில்லை. கையெழுத்து மட்டும் இட்ட, நிரப்பப்படாத உரிமை மாற்றப் படிவங்களோடு, புத்தகத்தில் பெயர் மாறாமலே கைமாறும் வாகனத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொட வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பதை நண்பகலில், உவர்மலை ஏற்றத்தில், நின்று நின்று செய்யுங்கள்; விற்பவர் மறுத்தால் அதுவே போதிய பதில். வாகனக் கணினியில் பதிவான பழுதுகளைக் கருவி மூலம் ஸ்கான் செய்வதை ஓட்டத்துக்குப் பின் வையுங்கள், ஏனெனில் பழுதுக் குறியீடுகளைக் காலையிலேயே அழித்துவிட்டு வாகனத்தைக் காட்டுவோர் உண்டு. பேரம் முடிந்தால், மீற்றர் எண்ணைக் குறிப்பிட்ட பற்றுச்சீட்டைத் தரகரின் கையொப்பத்துடன் பெறுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் கீழான முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் முறைப்பாட்டுடன் அந்தப் பாதி ஸ்டிக்கரின் படத்தையும் இணைத்திருக்கிறோம். அண்மையில் நகரில் இதே விதமாக ஏமாற்றப்பட்டவர்கள் தங்கள் கதவுச் சட்டங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தக் கெடு முடியும் முன் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள்.