அரை அளவுப் பீரங்கி: ஒன்பது ஆண்டு அனுபவம்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் படைவாழ்க்கையை நடித்துக் காட்டும் ஒரு சிறு குழுவில் சேர்ந்த மறு ஆண்டு, அதாவது 2015இல், பென்சில்வேனியாவின் கிராமப்புறம் ஒன்றில் வசித்துக்கொண்டிருந்த நான் சொந்தமாக ஒரு பீரங்கியை அமைத்துக்கொண்டேன். குழலை வாங்கினேன், அதைத் தாங்கும் வண்டியை என் கையால் செய்தேன். 1841ஆம் ஆண்டு மாதிரி ஆறு பவுண்டர், அதாவது ஆறு பவுண்டு எடைக் குண்டைச் சுடும் பீரங்கியின் அரை அளவு நகல் அது. மூலப் பீரங்கியின் வெண்கலக் குழல் 884 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 400 கிலோ எடை கொண்டது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகிவிடும். என்னுடையது வார்ப்பிரும்பு என்பதால் 50 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. இருவர் சேர்ந்தால் வாகனத்தில் ஏற்றிவிடலாம். குண்டு போட்டுச் சுடும் குழுக்களும் உண்டு, ஆனால் நாங்கள் வெற்று வேட்டு மட்டுமே போடுகிறோம்.

குழலையும் நீயே செய்திருக்கலாமே என்று கடைசல் வேலை தெரிந்த நண்பர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் 1844 பிப்ரவரி 28ஆம் நாள் நடந்ததுதான். அன்று பொட்டோமாக் ஆற்றில் பிரின்ஸ்டன் என்ற போர்க்கப்பலில், விருந்தினர்களுக்குக் காட்டுவதற்காகச் சுடப்பட்ட மாபெரும் இரும்புப் பீரங்கி வெடித்துச் சிதறியதில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஏபல் அப்ஷரும் கடற்படை அமைச்சர் தாமஸ் கில்மரும் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். அந்தப் பீரங்கிக்கு 'சமாதானம் செய்பவர்' என்று பெயர் வைத்திருந்தது விதியின் கேலி. ஒரு நாட்டின் கடற்படைக்கே உலோகத்தின் உட்குறை கண்ணுக்குப் படவில்லை என்றால், என் கொட்டகையில் நான் உருக்கும் இரும்பை நம்பி அதன் பக்கத்தில் நான்கு பேரை நிறுத்த எனக்குத் துணிவில்லை. ஆகவே, பீரங்கி வார்ப்பதையே தொழிலாகக் கொண்ட பட்டறையொன்றில், உட்புறம் 3/8 அங்குலக் கனத்தில் தையலில்லாத எஃகுக் குழாய் பொருத்திய குழலை வாங்கினேன். மொத்தச் செலவில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. ஒன்பது ஆண்டுகளில் நான் வருந்தாத செலவு அது ஒன்றுதான்.

வண்டியைப் பொறுத்தவரை வருத்தங்கள் நிறைய. முதல் வண்டியின் பக்கப்பலகைகளை விலை மலிவு என்று பைன் மரத்தில் அறுத்தேன். குண்டில்லாத வேட்டுக்குப் பின்னுதைப்பு குறைவுதானே என்று நினைத்தது தவறு. சுடும்போது தாங்கிய மரம், மேடுபள்ளமான வயலில் இழுத்துச் செல்லும்போது குழலின் இருபுறமும் நீண்டு அதைத் தாங்கும் அச்சுமுளை அமர்ந்த இடத்தில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. இரண்டாவதை வெண் ஓக் மரத்தில் செய்தேன். மரம் முழுதும் காயும் முன்பே அவசரப்பட்டுத் துளையிட்டதால், அடுத்த கோடையில் போல்டுகள் எல்லாம் ஆடத் தொடங்கின. சக்கரங்களின் கதை இன்னும் பழையது. குடம், ஆரக்கால், வட்டை, மேலே சுடச்சுட ஏற்றிக் குளிரவைத்து இறுக்கும் இரும்புப் பட்டா என்று நம் மாட்டுவண்டிச் சக்கரத்தின் அதே உறுப்புகள், அதே நோய்கள். கோடையில் மரம் சுருங்கினால் பட்டா கழலும். நம் ஊரில் வண்டியைக் குளத்தில் இறக்கி நனைப்பதுபோல் நானும் ஈரச் சாக்கைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு நாள் இறுக்கம் கிடைத்தது, பிறகு முன்னைவிட மோசமாயிற்று. இப்போது ஆண்டுக்கு இருமுறை ஆளிவிதை எண்ணெய் பூசி, சக்கரங்களைத் தரையில் படாமல் கட்டைமேல் ஏற்றி வைக்கிறேன். நான்கு ஆண்டுகளாகப் பட்டா அசையவில்லை.

இனி சுடுவதைப் பற்றி. வெற்று வேட்டுதானே, இதில் என்ன ஆபத்து என்பது பார்க்க வருவோர் எல்லாரும் கேட்கும் கேள்வி. 1861 ஏப்ரலில், உள்நாட்டுப் போரின் தொடக்கமாக, தென் கரோலினாவின் சம்டர் கோட்டை ஏறக்குறைய 34 மணி நேரம் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது அந்தத் தாக்குதலில் ஒருவர்கூட இறக்கவில்லை. சரணடைந்த படையினர் 14ஆம் நாள் தங்கள் கொடிக்கு மரியாதையாக நூறு வேட்டுப் போடத் தொடங்கினார்கள். மருந்தை உள்ளே செலுத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு பீரங்கியில் அம்மருந்து வெடித்ததில் டேனியல் ஹஃப் என்ற படைவீரர் இறந்தார், மரியாதை வேட்டு ஐம்பதோடு நிறுத்தப்பட்டது. அந்தப் போரின் முதல் உயிர்ப்பலி, குண்டு இல்லாத வேட்டு வாங்கியது.

இதற்கு அடிப்படை கரிமருந்தின் இயல்பிலேயே இருக்கிறது. வெடியுப்பு 75, அடுப்புக்கரி 15, கந்தகம் 10 என்ற பங்கில் அமைந்த இம்மருந்து எரிந்த பிறகு, அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. வானில் நிற்கும் அந்த அழகான வெண்புகை அதில் ஒரு பகுதி. மீதி குழலின் அடியில் படிகிறது. மருந்தை நாங்கள் அலுமினியத் தாளில் பொதிந்து வைப்பதால், எரியாத தாள்துண்டும் அதோடு சேரும். அந்தப் படிவுக்குள் ஒரு கனல் உயிரோடு ஒளிந்திருக்கும்போது அடுத்த பொதியை உள்ளே தள்ளினால், தள்ளுகிறவரின் கை குழல்வாயில் இருக்கும் நேரத்திலேயே வெடிக்கும்.

எனவே ஒவ்வொரு வேட்டுக்கும் பிறகு முதலில் சுருள்முனைக் கோலை உள்ளே திருகித் தாள்துண்டுகளை இழுத்தெடுக்கிறோம். அடுத்து ஈரத்துடைப்புக் கோல், அதன்பின் உலர்ந்த துடைப்புக் கோல். இவ்வளவு நேரமும் ஒருவர் தோலுறை அணிந்த கட்டைவிரலால் குழலின் பின்பக்கத் தீத்துளையை அழுத்தி மூடியிருப்பார். கோல் உள்ளே போகும்போது காற்று அத்துளை வழியே ஓடினால் அணையவேண்டிய கனல் ஊதுலைபோல் மூண்டுவிடும். மருந்தை இடிப்பவர் கோலைச் சுற்றிக் கட்டைவிரலை மடக்காமல், உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, குழல்வாய்க்கு நேரே உடம்பின் எந்தப் பகுதியும் வராதபடி ஒதுங்கி நின்று தள்ள வேண்டும். வெடித்தால் கோல் மட்டும் பறக்க வேண்டும், கை பறக்கக் கூடாது என்பதே இதன் கணக்கு. இரண்டு வேட்டுகளுக்கு இடையே பத்து நிமிடம் விடுவது எங்கள் குழுவின் விதி. தொடக்கத்தில் இந்தக் காத்திருப்பு எனக்குச் சலிப்பாக இருந்தது. இப்போது யாராவது அவசரப்படுத்தினால் அன்றைக்குச் சுடுவதை அத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

வெடிக்காமல் போனது ஒன்பது ஆண்டுகளில் மூன்று முறை. மூன்றும் ஒரே கோடையில், ஒரே கடையில் வாங்கிய உரசுதிரிகளால், அதாவது தீத்துளையில் வைத்துக் கயிற்றால் இழுத்துப் பற்றவைக்கும் திரிகளால் நேர்ந்தவை. ஈரம் ஏறியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கயிற்றை இழுத்தும் சத்தம் வராத அந்தக் கணத்தில் எல்லார் கால்களும் பீரங்கியை நோக்கித்தான் நகரும். அதைத் தடுப்பதே குழுத்தலைவரின் முதல் கடமை. யாரும் இடம் மாறாமல், நிற்கவேண்டிய தூரத்திலேயே நின்று, குறித்த நேரம் கடந்த பிறகே ஒருவர் மட்டும் பக்கவாட்டில் அணுகிப் புதிய திரி வைக்கலாம்; அதுவும் தவறினால் தீத்துளை வழியாகத் தண்ணீர் ஊற்றி மருந்தைக் கொன்றுவிட வேண்டும். மூன்றாவது முறை அப்படித்தான் செய்தோம். பார்வையாளர்கள் ஏமாந்தார்கள்.

கழுவுவதற்கு ஆகும் நேரத்தை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. படிவு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். வீட்டுக்கு வந்த அன்றே சோப்பு கரைத்த வெந்நீரை ஊற்றித் தேய்த்து, உலர்த்தி, எண்ணெய் பூச ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அப்போது எழும் அழுகிய முட்டை நாற்றம் கந்தகத்தின் கைவரிசை; என் மனைவி இதற்காகவே தோட்டத்தின் கடைக்கோடியில் எனக்கு ஒரு குழாய் போட்டுத் தந்தார். தீத்துளையும் வேட்டுக்கு வேட்டு அரிக்கப்பட்டு அகலமாகும். துரப்பண முனையின் பின்தண்டை அதில் நுழைத்து ஆண்டுக்கொருமுறை அளந்து வருகிறேன். ஆறாம் ஆண்டில் அளவு மீறியதால் துளையின் செம்பு உறையைப் பட்டறையிலேயே கொடுத்து மாற்றினேன்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம், வணிக முறையில் தயாரிக்கப்பட்ட கரிமருந்தை, பழங்காலத் துப்பாக்கி, பீரங்கிகளில் பொழுதுபோக்குக்காகப் பயன்படுத்துவோர் 50 பவுண்டு வரை உரிமமின்றி வைத்துக்கொள்ள விலக்களிக்கிறது. வீட்டில் கலந்த மருந்துக்கு அந்த விலக்கு கிடையாது, மாநில, உள்ளூர் விதிகள் இன்னும் கடுமையாக இருக்கலாம். இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959, வெடிபொருள் சட்டம் 1884 ஆகியவற்றின்கீழ் நிலைமை முற்றிலும் வேறு என்பதால், அங்கிருந்து இதைப் படிப்பவர்கள் முயலவே வேண்டாம்.

என் இடது காதில் உயர்ந்த ஒலிகள் சற்று மங்கிவிட்டன. முதல் இரண்டு ஆண்டுகள் அக்காலத்துத் தோற்றம் கெடும் என்று காதடைப்பான் அணியாததன் விலை அது. இப்போது தொப்பிக்குக் கீழே தெரியாத நுரைத்திரி வைத்துக்கொள்கிறேன். இந்த இலையுதிர் காலத்தில் துடைப்புக் கோல்களின் கம்பளித் தலைகளை மாற்ற வேண்டியிருக்கிறது. பழையவற்றில் ஒன்று ஓரத்தில் கருகியிருப்பதைச் சென்ற வாரம் கவனித்தேன். நனைத்துத்தான் உள்ளே விட்டோம், ஆனாலும் கருகியிருக்கிறது.