புது மாஸ்டர் சிலிண்டர் என்று சொல்லிப் பழையதை விற்கிறார்கள்: சொந்தமாக கார் கட்டுபவர்கள் கவனிக்கவும்

பெடல் பாக்ஸுக்கு (பெடல்களைப் பொருத்தும் சட்டம்) மாஸ்டர் சிலிண்டரும் (பெடல் மிதியை பிரேக் ஆயில் அழுத்தமாக மாற்றுவது) ரிசர்வாயரும் (பிரேக் ஆயில் டப்பா) வாங்கப் போகிறவர்கள், முக்கியமாகக் கோவைப் பக்கம் கல்லூரி டீம்களில் கார் கட்டும் தம்பி தங்கைகள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ரேஸ் கார் வடிவமைப்பாளர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரைக் கட்டிய ஊர் கோவை. அதே எஞ்சினில் நானும் என் நண்பரும் ஒற்றை சீட் கார் ஒன்று கட்டுகிறோம். ரோட்டுக்கு அல்ல, செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்குக்கு மட்டும். முன் பிரேக்குக்கு ஒரு மாஸ்டர் சிலிண்டர், பின் பிரேக்குக்கு ஒன்று, நடுவில் மிதியை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடும் பேலன்ஸ் பார். இரண்டும் 5/8 இன்ச் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) வேண்டும் என்று கேட்டோம். "புத்தம் புது இம்போர்ட் பீஸ் சார், ரிசர்வாயர், ஹோஸ், யூனியன் எல்லாம் செட்டா தரேன்" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதினார். யூனியன் என்பது பிரேக் பைப்பை இணைக்கும் மரை நட்டு. புதுப் பொருளுக்கான விலையைத்தான் வாங்கினார்.

மாட்டி, லைனில் இருந்த காற்றை வெளியேற்றி முடித்தபோது பெடல் நன்றாகவே நின்றது. ஷெட் வாசலில் மெதுவாக ஓட்டிச் சில தடவை பிரேக் பிடித்ததும் முன் சக்கரங்கள் இறுகிக்கொண்டன. காலை எடுத்தும் விடவில்லை. நியூட்ரலில் இரண்டு பேர் தள்ளியும் கார் நகரவில்லை. டிஸ்க் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூடு. இதே கார் ட்ராக்கின் நேர்ப்பாதையில் வேகமாகப் போகும்போது முன் சக்கரம் இப்படிப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

காலிப்பரில் (சக்கரத்தில் டிஸ்கைப் பிடிக்கும் பாகம்) கோளாறா, மாஸ்டர் சிலிண்டரிலா என்று கண்டுபிடிக்கும் வழி எளிது. முதலில் காலிப்பரில் காற்றை வெளியேற்றும் சிறு திருகான பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறந்தோம். ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் உடனே விட்டது. அப்படியானால் காலிப்பர் பிஸ்டன் சிக்கவில்லை, லைனில் அழுத்தம் அடைபட்டிருக்கிறது. நிப்பிளை மூடி, மறுபடி பிடிக்கவைத்து, இந்தமுறை மாஸ்டர் சிலிண்டரிலேயே யூனியனைத் தளர்த்தினோம். அப்போதும் விட்டது. அதாவது லைனும் ஹோஸும் சரி, கோளாறு சிலிண்டருக்குள்தான். பெடலிலிருந்து சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடில் 1 மில்லிமீட்டர் அளவு ஆட்டம் வைத்திருந்தோம், அதனால் அட்ஜஸ்ட்மென்ட் மேல் பழி போட முடியாது.

சிலிண்டருக்குள், ரிசர்வாயருக்குப் போகும் வழியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். பெடலை விட்டதும் பிஸ்டனில் உள்ள ரப்பர் கப் (ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்) அந்தத் துளையைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும். அப்போதுதான் சூட்டில் விரியும் பிரேக் ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும். கப் ஊதிப்போய்த் துளையை மூடிவிட்டால் ஆயில் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சூடு ஏற ஏற பிரேக் தானாகவே பிடிக்கும்.

பிரித்துப் பார்த்தபோது எல்லாம் தெரிந்தது. கப் இரண்டும் ஊதி, விளிம்பு சுருண்டு கிடந்தன. உள்ளே மஞ்சள் கிரீஸ், வீல் பேரிங்குக்குப் போடுகிற அதே சாதா கிரீஸ். பிரேக் கப்புகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற வகை ரப்பர். அதில் பெட்ரோலிய எண்ணெயோ கிரீஸோ பட்டால் ஊதத்தான் செய்யும். அசெம்பிள் செய்யும்போது பிரேக் ஆயிலையே தடவ வேண்டும். போரில் துருப் பொரிப்பு, அதன் மேல் அதைத் தேய்த்து மழுப்பிய ஹோனிங் கோடு. வெளியே வார்ப்பு எண்களை ராவித் தள்ளிவிட்டுக் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பழைய சிலிண்டருக்கு ரப்பர் கிட் (மாற்றுக் கப்புகள்) போட்டுப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள்.

அதோடு விடவில்லை. வெர்னியர் அளவுகோல் வைத்தபோது முன்பக்கத்துக்கு மாட்டியது 15.9 மில்லிமீட்டர், அதாவது 5/8 இன்ச், சரி. பின்பக்கத்தது 19 மில்லிமீட்டர், அதாவது 3/4 இன்ச். பரப்பில் கணக்குப் போட்டால் ஒன்று 198 சதுர மில்லிமீட்டர், மற்றது 285. அதே மிதிக்குப் பின் பிரேக்கில் கிடைக்கும் அழுத்தம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். பேலன்ஸ் பாரை எவ்வளவு திருகினாலும் இப்படிப்பட்ட காரை நம்ப முடியாது. ரிசர்வாயர் ஹோஸ் சாதாரண பெட்ரோல் ஹோஸ். அந்த ரப்பர் பிரேக் ஆயிலுக்கு ஆகாது, ஊறிக் கரைந்து ரிசர்வாயரில் கறுப்புத் தூளாக மிதந்தது. யூனியன்களில் சில 3/8 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை. சிலிண்டர் ஓட்டையோ 10 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் மரை. மாட்டினால் ஏறும், இறுகுவது மாதிரியும் தெரியும், ஆனால் அழுத்தம் வந்தால் மரை உருவிக்கொள்ளும். பார்த்துச் செய்கிறவர் யாரும் இதைச் செட்டாகக் கொடுக்க மாட்டார்.

கடையில் கொண்டுபோய் வைத்தோம். "நீங்க ஊத்துன ஆயில் தப்பு தம்பி" என்றார். நாங்கள் ஊற்றியது சீல் உடைக்காத பாட்டிலில் வாங்கிய டாட் 4 பிரேக் ஆயில். அதனால் வேறொரு கடையில் புதுக் கிட் வாங்கி, ஒரு கப்பை அதே டாட் 4 இருந்த பாட்டிலிலும், இன்னொன்றை சாதா கிரீஸிலும் போட்டு வைத்தோம். டாட் 4-இல் இருந்தது அப்படியே இருந்தது, கிரீஸில் இருந்தது ஊதிவிட்டது. இரண்டையும் அவர் முன்னால் வைத்தபோது, "பிரேக் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது, காலேஜ் பசங்க எல்லாம் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். எனக்குப் பணம் போனதைவிட இந்தப் பதில்தான் பொறுக்கவில்லை. அந்தப் பசங்க இதை மாட்டி ஓட்டப்போகிறார்கள்.

வாங்கும் முன் கடையிலேயே சிலிண்டர் வாயை மூடியிருக்கும் ரப்பர் உறையைக் கழற்றி வாய்ப்பக்கம் பாருங்கள். மஞ்சளாகக் கிரீஸ் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். போரை அங்கேயே வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில். ராவிய தடமோ புது பெயின்டின் வாசனையோ இருந்தால் விட்டுவிடுங்கள். ஹோஸில் பிரேக் ஆயிலுக்கானது என்று அச்சிட்டிருக்க வேண்டும். பில்லில் "ஆட்டோ ஸ்பேர்ஸ்" என்று மொட்டையாக எழுத விடாமல் "புதியது", போர் அளவு இரண்டையும் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு இன்று கையில் பலமாக இருப்பது அந்த வாட்ஸ்அப் செய்திதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். இதே மாதிரி கறுப்பு பெயின்ட் செட் யாராவது வாங்கியிருந்தால் இனி ஓட்டாதீர்கள், கழற்றிய கப்பையும் கிரீஸையும் துடைத்துப் போட்டுவிடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். எங்கள் சிலிண்டரின் படங்கள் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.